வல்லாரை மாதிரி இருப்பதெல்லாம் வல்லாரை இல்லை

பங்குனி பிறந்தால் போதும். பாரிசைச் சுற்றியுள்ள ஈரப் புல்வெளிகளிலும், எபினே-சூர்-செய்ன் போன்ற ஊர்களின் ஆற்றங்கரைகளிலும் இதய வடிவ இலைகளோடு ஒரு பூண்டு நிலத்தை மூடி வளரும். வல்லாரைச் சம்பல் சாப்பிட்டு வளர்ந்த கண்ணுக்கு, ‘அட, எங்கட வல்லாரை!’ என்றுதான் தோன்றும். கை வைக்க முதல் கொஞ்சம் பொறுங்கோ.

அதன் பெயர் ஃபிக்கேர். பச்சையாகத் தின்றால் வாயும் வயிறும் எரியும். வல்லாரையோ கரட், கொத்தமல்லிக் குடும்பம். வெப்பநாட்டுச் செடியான அது இங்கத்தைய புல்வெளியில் தானாக முளைக்காது.

வித்தியாசம் எப்படித் தெரியும்? வல்லாரை இலையின் ஓரம் பல்லுப்பல்லாக இருக்கும். தண்டு நிலத்தில் ஓடிக் கணுவுக்குக் கணு வேர்விடும். ஃபிக்கேர் இலை மினுங்கும். பூ மஞ்சள் நட்சத்திரம் போல விரியும். வேரில் சின்னச் சின்னக் கிழங்குகள் இருக்கும்.

இவை வேறு வேறு குடும்பங்கள் என்பதால் பிரிப்பது சுலபம். ஒரே குடும்பத்துக்குள் போனால்தான் சிக்கல். சித்திரை, வைகாசியில் புல்வெளியை மஞ்சளாக்கும் ‘புத்தோன் தோர்’ பூக்களைப் பாருங்கள். ஃபிக்கேரின் சொந்தங்கள்தான். ஒரே பூ என்று நினைப்போம். ஆனால் அதற்குள் குறைந்தது மூன்று இனங்கள் உண்டு. பூக்காம்பில் வரிப்பள்ளம் இருந்து, தண்டும் நிலத்தில் படர்ந்தால் ஒன்று. காம்பு வழுவழுப்பாக, செடி உயரமாக நின்றால் இன்னொன்று. பூவுக்கு அடியிலுள்ள பச்சைப் புல்லி இதழ்கள் கீழ்நோக்கி மடங்கியிருந்தால் மூன்றாவது. பூவின் முகத்தைப் பார்த்தால் போதாது, திருப்பியும் பார்க்க வேண்டும்.

இது எங்கட ஆக்களுக்குப் புது வித்தை இல்லை. கீழாநெல்லி என்ற பெயரைப் பாருங்கள். இலைக்குக் கீழே காய் வரிசையாகத் தொங்கும் என்ற அடையாளம் பெயருக்குள்ளேயே இருக்கிறது. பிரான்சில் லமார்க் 1778இல் தன் தாவர நூலில் இதையே ஒரு முறையாக்கினார். ‘இப்படியா, அப்படியா?’ என்று இரண்டு இரண்டு கேள்விகளாகக் கேட்டுக்கொண்டே போனால், படிப்பாளி அல்லாதவரும் செடியின் பெயரைக் கண்டுபிடிக்கலாம்.

இன்று பிள்ளைகளின் கைபேசியில் ‘பிளான்ட்நெட்’ செயலி இருக்கிறது. பிரெஞ்சு ஆய்வு நிறுவனங்கள் உருவாக்கிய நல்ல உதவி அது. ஆனால் ஒரு படத்தை நம்பிக் கறிச்சட்டியில் போடக்கூடாது. செயலி பெயரைச் சொல்லட்டும். அம்மம்மா காம்பையும் வேரையும் பார்க்கட்டும். இரண்டு பேரும் ஒத்துக்கொள்ளாவிட்டால் செடியைத் தொடாமல் விடுங்கள். கீரைக்கு லா சப்பல் கடை இருக்கிறது.

எபினேயிலிருந்து ஆர்இஆர் சி ரயிலில் ஓஸ்தெர்லிட்ஸில் இறங்கினால் பக்கத்திலேயே ஜார்தன் தே பிளான்ட். அங்கே குடும்பம் குடும்பமாகப் பிரித்து, பெயர்ப்பலகையோடு செடிகளை நட்டிருக்கிறார்கள். ஒரு நாள் பிள்ளைகளோடு போய் வாருங்கள்.

தெரியாமல் ஏதாவது தின்றுவிட்டால் கை வைத்தியம் பார்க்க வேண்டாம். பாரிஸ் நச்சு முறிவு மையத்தை 01 40 05 48 48இல் அழையுங்கள். ஆபத்தென்றால் உடனே 15. மிச்சச் செடியை மட்டும் எறிந்துவிடாதீர்கள். அதை வைத்துத்தான் இனத்தைக் கண்டுபிடிப்பார்கள்.