சாய்ந்த தரையில் ஒரு கோயம்புத்தூர்க்காரர்

எங்களூர் மாட்டுவண்டிச் சவாரி நேரே பாயும் பந்தயம். அமெரிக்க ஸ்டொக் கார் பந்தயத்திலோ பெரும்பாலும் நீள்வட்டத் தடம்தான். வண்டிகள் இடப்பக்கமே திரும்பித் திரும்பி ஓடும். பார்ப்பவருக்குச் சலிப்பு வரலாம். ஆனால் அந்தத் திருப்பத்தில்தான் விஞ்ஞானம் முழுவதும் இருக்கிறது. அதை இரண்டு தடங்களில் உடம்பால் அறிந்தவர் கோயம்புத்தூர்ப் பந்தயக் காரோட்டி நரேன் கார்த்திகேயன்.

ஓடும் வண்டி எப்போதும் நேரே போகவே பார்க்கும். அதைத் திருப்ப, வளைவின் உட்பக்கம் நோக்கி ஒரு விசை வேண்டும். வேகம் இரண்டு மடங்கானால் அந்த விசை நான்கு மடங்காக வேண்டும். சமதரையில் இந்தச் சுமை முழுவதும் ரயரின் உராய்வின் மேல் விழும். தரையை உட்பக்கம் சாய்த்துக் கட்டினால், வண்டியைத் தாங்கும் தரையே அதைத் திருப்பவும் உதவும். புகையிரதப் பாதை வளைவில் வெளித் தண்டவாளத்தை உயர்த்திப் போடுவதும் இதற்காகத்தான்.

இந்த உதவி இலவசமல்ல. சாய்தரையில் வேகமாகத் திரும்பும்போது ரயர் தரையோடு மேலும் அழுத்தப்படும். அதன் பக்கச்சுவர் நசிந்து விரியும். 2005 ஜூன் 19 அன்று அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் போர்முலா 1 போட்டியில் நடந்தது அதுதான். அங்கே 13ஆம் வளைவு சுமார் 9 பாகை சாய்ந்தது, வலப்பக்கம் திரும்புவது. ஆகவே இடப்பக்க ரயர்களுக்கே அடி. பயிற்சியில் ரால்ஃப் ஷூமாக்கர் என்ற ஓட்டுநரின் இடப் பின் ரயர் பழுதாகி வண்டி சுவரில் மோதியது. அதே மிஷெலின் ரயர் பூட்டிய 14 வண்டிகளும் ஆபத்துக்கு அஞ்சிப் போட்டி தொடங்குமுன்பே விலகின. பிரிட்ஜ்ஸ்டோன் பூட்டிய 6 வண்டிகள்தான் ஓடின. ஜோர்டான் அணியின் கார்த்திகேயன் நாலாவது. போர்முலா 1இல் புள்ளி பெற்ற முதல் இந்தியர் அவர். ஆறில் நாலு என்று சிரிப்பது எளிது. மற்றவர்கள் ஓடத் துணியாத வளைவை முடியும்வரை சுற்றி வந்ததும் உண்மைதான்.

2010 மார்ச்சில் அவர் வேர்ஜீனியாவின் மார்ட்டின்ஸ்வில் தடத்துக்குப் போனார். ஸ்டொக் கார் பந்தயங்களை நடத்தும் நாஸ்கார் அமைப்பின் பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியரும் அவரே. பிக்கப் உருவத்தில் ஒன்றரைத் தொன் வண்டி. அவர் பழகிய போர்முலா 1 கார் சுமார் 600 கிலோ. தடத்தின் ஒரு சுற்று 850 மீற்றர்கூட இல்லை. வளைவில் 12 பாகைச் சாய்வு. 60 மீற்றர் ஆரையுள்ள வளைவில் அந்தச் சாய்வு, உராய்வே இல்லாமல் பிடித்துத் திருப்பக்கூடிய வேகம் மணிக்கு 40 கிலோமீற்றர்தான். அதற்கு மேல் எல்லாம் ரயரின் பாடு.

ரயருக்கு முன்னால் பிறேக்கின் பாடு வேறு. 250 சுற்று, சுற்றுக்கு இரண்டு தடவை என்றால் 500 தடவை அமுக்க வேண்டும். ஒன்றரைத் தொன் வண்டியை மணிக்கு 190இலிருந்து 100 கிலோமீற்றருக்கு இறக்கினால் வெளிவரும் வெப்பம் ஐந்து லீற்றர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரும். பிறேக் தட்டுகள் செக்கச்சிவக்க ஒளிர்வதில் வியப்பில்லை. தொடக்கத்திலேயே பிறேக்கைத் தீய்த்துவிட்டால் கடைசியில் வண்டி நிற்காது. முதல் முறையாக ஓடியவர் 13ஆம் இடத்தில் முடித்தார். என் கணக்கில் அது இண்டியானாபொலிஸ் நாலாமிடத்தைவிடப் பெரிது.

பின்னர் யப்பானில் பல பருவங்கள் ஓடினார். 2019 நவம்பரில், 42 வயதில், யப்பானிய, ஜேர்மன் பந்தயக் கார்கள் சேர்ந்தோடிய ஃபூஜி போட்டியொன்றில் அவரே முதலிடம்.