கையெழுத்திடுவது யார்? மூனாறு பெண் தொழிலாளர்கள் தொழிற்சங்கங்களிடம் எழுப்பிய கேள்வி

2015 செப்டம்பரில் கேரளத்தின் மூனாறு நகரில் ஆயிரக்கணக்கான தேயிலைத் தோட்டப் பெண்கள் வேலையை நிறுத்திவிட்டுச் சாலையில் அமர்ந்தனர். அவர்களில் பெரும்பாலோர் தமிழ் பேசும் தலித் பெண்கள். அவர்களின் கோபம் தோட்ட நிர்வாகத்தின் மீது மட்டும் எழவில்லை. தலைமுறைகளாகத் தம்மிடம் சந்தா பெற்றுவந்த தொழிற்சங்கங்களின் மீதும் எழுந்தது. சங்க அலுவலகங்களின் முன் திரண்டனர். ஆதரவு தெரிவிக்க வந்த ஆண் தலைவர்களைத் திருப்பி அனுப்பினர். ‘பெம்பிளை ஒருமை’, அதாவது பெண்கள் ஒற்றுமை என்ற பெயரில் தங்களைத் தாங்களே அணிதிரட்டிக்கொண்டனர்.

அந்த எழுச்சியை ஊடகங்கள் ‘தலைவர்கள் இல்லாத போராட்டம்’ என்று வியந்து எழுதின. அந்த வியப்பினூடே பெண்கள் எழுப்பிய அடிப்படைக் கேள்வி மங்கிப்போனது. உழைப்பவர் ஒருவர், அந்த உழைப்பின் விலையைப் பேசி ஒப்பந்தத்தில் கையெழுத்திடுபவர் வேறொருவர் என்றால், அந்தச் சங்கம் யாருடையது? தொழிற்சங்கத்துக்குள் பெண் சமத்துவம் கோருவது மரியாதைக்கான கோரிக்கை மட்டுமன்று. கூலியையும் வேலைச்சுமையையும் தீர்மானிக்கும் கோரிக்கை என்பதை மூனாறு அனுபவத்தின் வழியே விளக்க முயல்கிறோம்.

கங்காணி முறையும் சங்க அமைப்பும்

கண்ணன் தேவன் மலைத் தோட்டங்களில் ஆங்கிலேயர் காலத்தில் கங்காணிகள் வழியாக ஆள் சேர்க்கப்பட்டது. திருநெல்வேலி, மதுரை உள்ளிட்ட பகுதிகளிலிருந்து நிலமற்ற தலித் குடும்பங்கள் மலையேற்றப்பட்டன. தோட்டம் என்பது அவர்களுக்கு வேலையிடம் மட்டுமன்று. குடியிருக்கும் லயமும், மருத்துவமனையும், குழந்தைகள் காப்பகமும் தோட்ட நிர்வாகத்துக்கே உரியவை. வேலையிலிருந்து ஓய்வு பெற்றால் வீட்டையும் விட வேண்டும் என்பதால், குடும்பத்தில் ஒருவராவது தோட்ட வேலையில் நீடிக்க வேண்டிய கட்டாயம் தலைமுறைகளைக் கடந்து தொடர்ந்தது.

இந்த அமைப்பில் வேலைப் பிரிவினை தெளிவானது. கொழுந்து பறிப்பது பெண்களின் வேலை. மருந்து தெளிப்பு, கவாத்து, தொழிற்சாலை வேலை, மேற்பார்வை ஆகியவை பெரும்பாலும் ஆண்களுடையவை. தோட்டத்தின் வருமானம் பெண்களின் விரல் நுனியில் தொடங்குகிறது. ஆனால் பறித்த கொழுந்தை எடை போடுபவர் முதல் சங்கத்தின் கிளைச் செயலாளர் வரை அதிகாரம் கொண்டவர்கள் ஆண்களாகவே இருந்தனர். ஏஐடியுசி, ஐஎன்டியுசி, சிஐடியு ஆகிய மூன்று பெரிய சங்கங்களும் மூனாறில் வலுவாக வேரூன்றியவை. அரசியலில் ஒன்றையொன்று எதிர்த்த இச்சங்கங்கள், தலைமை ஆண்களிடமே இருப்பதில் மட்டும் வேறுபடவில்லை.

இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். மூனாறு அடங்கிய தேவிகுளம் சட்டமன்றத் தொகுதி, பட்டியல் சாதியினருக்கான தனித்தொகுதி. பட்டியல் சாதியினருக்குச் சட்டமன்றத்தில் ஓர் இடம் உறுதிசெய்யப்பட்டிருந்தது. அந்தப் பிரதிநிதித்துவம் கொழுந்து பறிக்கும் தலித் பெண்ணின் குரலைப் பேச்சுவார்த்தைக்குக் கொண்டுசெல்லவில்லை. சாதியை மட்டும் பார்க்கும் பார்வைக்கும், வர்க்கத்தை மட்டும் பார்க்கும் பார்வைக்கும் அவள் அகப்படாமல் நழுவிவிடுகிறாள்.

போனஸ் வெற்றி

போராட்டத்தின் உடனடிக் காரணம் போனஸ். 1965ஆம் ஆண்டின் போனஸ் வழங்கல் சட்டப்படி அப்போது குறைந்தபட்ச போனஸ் 8.33 சதவீதமாகவும் அதிகபட்சம் 20 சதவீதமாகவும் இருந்தன. நிர்வாகம் 10 சதவீதத்தை அறிவித்தபோது, 20 சதவீதம் வேண்டும் என்று பெண்கள் கோரினர். சங்கத் தலைவர்கள் நிர்வாகத்துடன் ஒத்துப்போய்விட்டனர் என்பதும், வீடு முதலான சலுகைகளை அவர்கள் பெற்றுக்கொண்டனர் என்பதும் பெண்களின் குற்றச்சாட்டு. கொழுந்து சுமப்பவர் நாங்கள், பலன் சுமப்பவர் நீங்களா என்ற பொருளில் அவர்கள் எழுப்பிய தமிழ் முழக்கங்கள் கேரளம் முழுவதும் பேசப்பட்டன.

ஒன்பது நாள் போராட்டத்துக்குப் பின், முதலமைச்சர் உம்மன் சாண்டி முன்னிலையில் நடந்த பேச்சுவார்த்தையில் பெண்களின் பிரதிநிதிகளே நேரடியாகப் பங்கேற்றனர். 8.33 சதவீதம் போனஸ், 11.67 சதவீதம் கருணைத்தொகை என மொத்தம் 20 சதவீதம் ஏற்கப்பட்டது. உழைப்பவரே நேரில் பேசியபோது கோரிக்கை முழுமையாக நிறைவேறியது.

கூலிப் பேச்சில் நிகழ்ந்தது என்ன?

அடுத்த கோரிக்கை, நாள் கூலியை 232 ரூபாயிலிருந்து 500 ரூபாயாக உயர்த்துவது. செப்டம்பர் இறுதியில் மீண்டும் வேலைநிறுத்தம் தொடங்கியது. பெண்களின் எழுச்சியைக் கண்ட சங்கங்களும் இம்முறை களம் இறங்கின. ஆனால் கேரளத்தில் தோட்டக் கூலியைப் பேசித் தீர்க்கும் இடம், அரசும் முதலாளிகளும் தொழிற்சங்கங்களும் அமரும் முத்தரப்புத் தோட்டத் தொழிலாளர் குழு. அங்கீகாரம் பெற்ற சங்கங்களுக்கே அங்கு இடம். பெம்பிளை ஒருமைக்கு அங்கு இடமில்லை. வீதியில் போராட்டத்தைத் தொடங்கியவர்கள் பெண்கள். கூட்ட அறைக்குள் சென்றவர்கள் பழைய தலைவர்கள்.

2015 அக்டோபரில் தேயிலைத் தொழிலாளரின் நாள் கூலி 301 ரூபாயாக முடிவானது. கிட்டத்தட்ட 30 சதவீத உயர்வு. அதே உடன்பாட்டில், அந்தக் கூலிக்காக நாளொன்றுக்குப் பறிக்க வேண்டிய குறைந்தபட்ச அளவு 21 கிலோவிலிருந்து 25 கிலோவாக உயர்த்தப்பட்டது. இந்தக் கணக்கை நாம் போட்டுப் பார்க்க வேண்டும். முன்பு 21 கிலோவுக்கு 232 ரூபாய் என்றால், ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 11 ரூபாய் 5 காசு. புதிய உடன்பாட்டில் 25 கிலோவுக்கு 301 ரூபாய் என்றால், ஒரு கிலோவுக்கு 12 ரூபாய் 4 காசு. அளவுக்கு மேல் பறிக்கும் கொழுந்துக்கான கூடுதல் காசைத் தனியே வைத்துவிட்டால், கிலோ கணக்கில் உயர்வு ஏறத்தாழ 9 சதவீதம்தான். 30 சதவீதம் என்று அறிவிக்கப்பட்ட உயர்வின் பெரும்பகுதியை, முதுகில் கூடுதலாக நான்கு கிலோ சுமந்து பெண்களே ஈட்ட வேண்டியிருந்தது.

அதே முடிவில் ஏலத் தோட்டக் கூலி 267 ரூபாயிலிருந்து 330 ஆகவும், ரப்பர் தோட்டக் கூலி 317 ரூபாயிலிருந்து 381 ஆகவும் உயர்ந்தன. மூன்றிலும் குறைந்த கூலி, பெண்கள் பறிக்கும் தேயிலைக்கே.

நான்கு கிலோ என்பது காகிதத்தில் சிறிய எண். செங்குத்தான சரிவில், மழையில், அட்டைக்கடிக்கு நடுவே, மாதவிடாய் நாளிலும் கருவுற்ற காலத்திலும் அந்த நான்கு கிலோ என்னவாகும் என்பதை உடலால் அறிந்த ஒருவர்கூட அந்த முடிவெடுக்கும் இடத்தில் இல்லை. தலைவர்கள் கெட்ட எண்ணத்துடன் செய்தார்கள் என்று நாம் கருத வேண்டியதில்லை. பேரம் என்றாலே ஏதாவது ஒன்றை விட்டுக்கொடுப்பதுதான். அங்கே இல்லாதவரின் உழைப்பை விட்டுக்கொடுப்பது எளிது.

‘ஒற்றுமை குலையும்’ என்ற வாதம்

பெண்கள் சங்கத்துக்குள் சமத்துவம் கேட்கும்போதெல்லாம் எழும் முதல் மறுப்பு, அது தொழிலாளர் ஒற்றுமையைப் பிளக்கும் என்பது. இந்த வாதம் நமக்குப் புதிதன்று. பம்பாய் நெசவாலைகளில் கூலி அதிகமுள்ள தறிப் பிரிவில் தீண்டத்தகாதோர் அனுமதிக்கப்படவில்லை. அறுந்த நூலை வாயால் ஈரப்படுத்த வேண்டியிருந்ததால், அவர்கள் தொட்ட நூலைத் தொட மாட்டோம் என்று சாதி இந்துத் தொழிலாளர்கள் மறுத்தனர். 1928 பொது வேலைநிறுத்தக் காலத்தில் அம்பேத்கர் இந்த அநீதியைத் தொழிற்சங்கத் தலைமையின் முன் வைத்தார். முதலாளி செய்யும் அநீதியை எதிர்க்கும் சங்கம், தொழிலாளி தொழிலாளிக்குச் செய்யும் அநீதியைக் கண்டும் காணாமல் இருக்கலாமா என்பதே அவர் வாதத்தின் சாரம். 1938இல் மன்மாடில் கூடிய தாழ்த்தப்பட்ட ரயில்வே தொழிலாளர் மாநாட்டில், பார்ப்பனியம், முதலாளித்துவம் என இரண்டையும் தொழிலாளரின் எதிரிகளாக அவர் வரையறுத்தார்.

ஒற்றுமையைக் குலைப்பது ஏற்றத்தாழ்வு; அதைச் சுட்டிக்காட்டுபவர் அல்லர். மூனாறில் பெண்கள் வெளியேறியதால் சங்கங்கள் பலவீனப்பட்டன என்று சொல்வோர், வெளியேறும் நிலையை உருவாக்கியது எது என்று கேட்பதில்லை.

வாதத்தால் வெல்ல முடியாதபோது இழிசொல் வருகிறது. 2017 ஏப்ரலில் அன்றைய மின்துறை அமைச்சர் எம்.எம். மணி, மூனாறு பெண்களின் போராட்டத்தைக் குறித்துப் பேசிய சொற்கள் பெண்களை இழிவுபடுத்துபவை என்று கண்டனம் எழுந்தது. தம் பேச்சு திரித்துக் கூறப்பட்டதாக அவர் விளக்கமளித்தார். பெம்பிளை ஒருமைப் பெண்கள் மீண்டும் மூனாறு சாலையில் அமர்ந்து மன்னிப்புக் கோரினர். பொதுவெளிக்கு வரும் உழைக்கும் பெண்ணின் ஒழுக்கத்தைக் கேள்விக்குள்ளாக்குவது, அவளை வீட்டுக்குத் திருப்பியனுப்பும் பழைய ஆயுதம். அவள் தலித்தாக இருந்தால் அந்த ஆயுதத்தை எடுக்க யாரும் தயங்குவதுமில்லை.

எழுச்சி போதுமா?

2015 நவம்பர் உள்ளாட்சித் தேர்தலில் பெம்பிளை ஒருமை வேட்பாளர்கள் தேவிகுளம் ஒன்றிய ஊராட்சியில் ஓர் இடத்தையும் மூனாறு கிராம ஊராட்சியில் இரண்டு இடங்களையும் வென்றனர். ஆனால் அமைப்புக்குள் பிளவுகள் தோன்றின. பழைய சங்கங்கள் தம் இடத்தை மீட்டுக்கொண்டன. எழுச்சி ஒரு கோரிக்கையை வென்றுதரும். ஒவ்வோர் ஆண்டும் வரும் பேச்சுவார்த்தையில் உரிமையைக் காப்பதற்கு விதிகளும் அமைப்பும் வேண்டும்.

அத்தகைய அமைப்புக்கான எடுத்துக்காட்டு தமிழ்நாட்டில் உண்டு. திண்டுக்கல் மாவட்டத்தின் ஆடைத் தொழிற்சாலையொன்றில் வேலை செய்த இளம் தலித் பெண் ஒருவர் 2021 ஜனவரியில் கொல்லப்பட்டார். அவருடைய மேற்பார்வையாளர் கைது செய்யப்பட்டார். அதன்பின் அவருடைய குடும்பத்தினரும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியனும் நீதி கேட்டுப் போராடினர். அச்சங்கம் பெண்கள் தலைமையிலானது. அதன் உறுப்பினர்களில் பெரும்பாலோர் தலித் பெண்கள். 2022 ஏப்ரலில் ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் நிறுவனத்துடனும், அதனிடம் ஆடை வாங்கும் எச் அண்ட் எம் நிறுவனத்துடனும் ‘திண்டுக்கல் ஒப்பந்தம்’ உருவானது. பாலின வன்முறையோடு சாதிப் பாகுபாட்டையும் அது தடை செய்தது. தொழிலாளர்களிடையிலிருந்தே கண்காணிப்பாளர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டு, துன்புறுத்தலை அடையாளம் காணவும் புகாரளிக்கவும் பயிற்சி பெற்றனர். ஆலை மீறினால் அதன் வணிகம் பாதிக்கப்படும் என்ற கட்டுப்பாடும் இருந்தது.

சாதியும் பாலினமும் ஒரே ஒப்பந்தத்தில், ஒரே பக்கத்தில் இடம்பெற்றதற்குக் காரணம், கோரிக்கைப் பட்டியலை எழுதியவர்களே அவ்விரண்டையும் ஒருசேர அனுபவித்தவர்கள் என்பதுதான்.

சங்கத்துக்குள் கேட்க வேண்டியவை

நிறுவனங்களின் குறைதீர் குழுவில், மொத்தத் தொழிலாளரில் பெண்களின் விகிதத்துக்குக் குறையாமல் பெண்கள் இடம்பெற வேண்டும் என்று 2020ஆம் ஆண்டின் தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பு கூறுகிறது. முதலாளியிடம் நாம் எதிர்பார்க்கும் இந்த விகிதத்தை நம் சங்கத்தின் நிர்வாகக் குழுவிலும் எதிர்பார்ப்பதில் தவறில்லை. அதைச் சங்கத்தின் துணைவிதியில் எழுதி வைக்கச் சட்டத்தின் அனுமதி தேவையில்லை. பொதுக்குழுவில் தீர்மானம் நிறைவேற்றலாம்.

‘மகளிர் அணி’ ஒன்றை அமைத்து ஆண்டுக்கொரு முறை மார்ச் 8இல் விழா நடத்துவது அதற்கு ஈடாகாது. கூலிப் பேச்சுக்குச் செல்லும் குழுவில் எத்தனை பெண்கள் உள்ளனர்? கோரிக்கைப் பட்டியல் எழுதப்படும் கூட்டம், குழந்தையை விட்டுவர முடியாத மாலை நேரத்தில் நடக்கிறதா? ஒப்பந்தத்தின் வரைவு, கையெழுத்தாகும் முன் வேலைத்தளத்தில் வாசிக்கப்படுகிறதா? சங்கப் பொறுப்பாளர் மீதே பாலியல் புகார் எழுந்தால் அதை விசாரிப்பவர் யார்? இவற்றை ஒவ்வோர் உறுப்பினரும் பொதுக்குழுவில் எழுப்பலாம். பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் பதிவு செய்யவும் கோரலாம்.

தொழிலாளர் இயக்கத்தோடு பணியாற்றும் மாணவர்களுக்கும் செயல்பாட்டாளர்களுக்கும் ஒரு வேலை உண்டு. நம் பகுதியில் கடைசியாகக் கையெழுத்தான ஒரு கூலி ஒப்பந்தத்தை எடுத்துக்கொள்வோம். கூலி எவ்வளவு உயர்ந்தது என்பதோடு நிறுத்தாமல், அதற்கு ஈடாக எந்த வேலை, யாருடைய வேலை கூட்டப்பட்டது என்று பார்ப்போம். பின் கீழே உள்ள கையெழுத்துகளைப் படிப்போம். கூட்டப்பட்ட சுமையைச் சுமப்பவரின் பெயர் அங்கு இல்லையென்றால், அடுத்த பேச்சுவார்த்தைக்கு முன் சங்கத்துக்குள் தொடங்க வேண்டிய போராட்டம் எது என்பது தெளிவாகிவிடும்.