பேர் பொறித்தாலும் உரிமை போகாது

பெரம்பலூரிலோ அரியலூரிலோ கல்யாணச் சீருக்குப் பாத்திரம் எடுக்கப் போனால், விலை பேசி முடிந்ததும் கடைக்காரர் கேட்கும் அடுத்த கேள்வி, "பேர் வெட்டணுங்களா?" என்பதுதான். குடம், அண்டா, தாம்பாளம் எல்லாவற்றிலும் பெயரும் ஊரும் தேதியும் சில நிமிடங்களில் ஏறிவிடும். எழுத்து கொஞ்சம் கோணினாலும் குடத்தில் தண்ணீர் நிற்கும்.

இந்த வழக்கம் இப்போது கைக்கடிகாரத்துக்கும் வந்திருக்கிறது. மணமகள் மணமகனுக்கும் மணமகன் மணமகளுக்கும் பின்மூடியில் பெயரும் முகூர்த்த நாளும் பொறித்த வாட்ச்சைப் பரிசளிக்கிறார்கள். அன்றாடம் கையில் கிடக்கும் பொருளில் துணையின் பெயர் இருப்பது நல்ல நினைவுதான். ஆனால் பல ஆயிரம் ரூபாய் கொடுத்து வாங்கிய அந்த வாட்ச் ஒரே மாதத்தில் நேரம் பின்தங்கினாலோ கண்ணாடிக்குள் ஈரம் கோர்த்துக்கொண்டாலோ, கடைக்காரர் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "பேர் போட்டாச்சுங்களே, இனி கம்பெனியில எடுக்க மாட்டாங்க" என்று சொல்லிவிடலாம். வாங்கியவரும் அதை நம்பி வீட்டுக்குத் திரும்பிவிடுவார்.

அப்படித் திரும்ப வேண்டியதில்லை. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, பொருளில் குறை இருக்கிறதா என்றுதான் கேட்கிறது. எந்திரத்தில் இருக்கும் குறை, பின்மூடியில் பெயர் இருப்பதால் இல்லாமல் போய்விடாது. குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பதை நேர்மையற்ற வணிக நடைமுறை என்றே இந்தச் சட்டம் வரையறுக்கிறது. பில் தராமல் விற்பதும் அப்படியே. 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது' என்று சுவரில் பலகை மாட்டியிருந்தாலும், பில்லின் அடியில் அச்சடித்திருந்தாலும், குறையுள்ள பொருள் விஷயத்தில் அது செல்லாது.

பணம் கொடுத்தது மணமகள், கட்டியிருப்பது மணமகன் என்றால் யார் புகார் செய்வது என்ற குழப்பமும் வேண்டாம். வாங்கியவரின் சம்மதத்தோடு பொருளைப் பயன்படுத்துபவரும் நுகர்வோர்தான் என்று சட்டமே சொல்கிறது. பரிசு பெற்ற கணவனோ மனைவியோ நேரடியாகவே புகார் செய்யலாம்.

சட்டம் கைகொடுக்காத இடங்களும் உண்டு. டயல் நிறம் பிடிக்கவில்லை, மாப்பிள்ளை கைக்குப் பெரிதாகத் தெரிகிறது என்பதெல்லாம் குறையில் சேராது. மாற்றித் தருவது கடையின் மனசைப் பொறுத்தது, பெயர் பொறித்த பிறகு அதற்கும் வழியில்லை. எழுதிக் கொடுத்தவரே எழுத்தைப் பிழையாகக் கொடுத்திருந்தால் பொறுப்பு அவருடையது. சரியாக எழுதிக் கொடுத்தும் கடை பிழையாகப் பொறித்தால் அது சேவைக் குறைபாடு. யார் பக்கம் தவறு என்பதைக் காட்ட ஒரு துண்டுச் சீட்டு போதும்: பொறிக்க வேண்டிய வாசகத்தைத் தாளில் எழுதி, இரு தரப்பும் கையெழுத்திட்டு, செல்போனில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழில் பொறிப்பவர்களுக்கு இது இன்னும் அவசியம். பொறிக்கும் எந்திரங்களோடு வரும் மென்பொருள் பெரும்பாலும் ஆங்கில எழுத்தை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது. வாட்ஸ்அப்பில் அனுப்பிய பெயர் அங்கே போய் வேறு எழுத்துருவில் விழும்போது ஒற்றைக்கொம்பு இடம் மாறும், புள்ளி உதிரும், 'ஸ்ரீ' உடைந்து நிற்கும். திரையில் தெரிவதை நம்பாமல் ஒரு தாளிலோ தகட்டுத் துண்டிலோ மாதிரி போட்டுக் காட்டச் சொல்லுங்கள். தேதியில் எது நாள், எது மாதம் என்பதையும் சரிபாருங்கள். 05.06 என்பதை இரண்டு விதமாகப் படிக்கலாம்.

பொறிப்பது எங்கே, எப்படி என்பதில்தான் பெரிய ஆபத்து இருக்கிறது. பாத்திரத்தில் பேர் வெட்டும் பேனா அதிர்ந்து அதிர்ந்து எழுதும் கருவி. மூடிய வாட்ச்சின் முதுகில் அதை ஓட்டினால் அந்த அதிர்வு நேராக உள்ளிருக்கும் எந்திரத்துக்குப் போகும். முறையாகச் செய்பவர் பின்மூடியைக் கழற்றித் தனியே வைத்துத்தான் லேசரிலோ வைர முனையிலோ எழுதுவார். கழற்றினால் இன்னொரு கவலை: மூடிக்கும் உடலுக்கும் நடுவே இருக்கும் ரப்பர் வளையம். அது நசுங்கியோ விலகியோ போனால் தண்ணீர் புகாத் தன்மை போய்விடும். வளையத்தைச் சரிபார்த்து, அழுத்தச் சோதனை செய்து மூடித் தரும் வசதி உள்ள இடம் வேண்டும். அந்த வசதி எல்லாத் தெருமுனைக் கடையிலும் இருக்காது. டயலில் '30 மீட்டர்' என்று இருப்பதைப் பார்த்து 30 மீட்டர் ஆழத்தில் நீந்தலாம் என்று எண்ணுகிறவர்கள் உண்டு. அது கை கழுவும்போது தெறிக்கும் தண்ணீரையும் சாரலையும் தாங்கும் என்பதற்கான குறி மட்டுமே. வளையம் கெட்டால் அந்தத் தாங்கும் திறனும் இராது.

தங்கமுலாம் பூசிய பின்மூடியில் ஆழமாக எழுதினால் முலாம் உரிந்து அடியில் இருக்கும் ஸ்டீல் தெரியும். எந்திரம் தெரியும்படி கண்ணாடி முதுகு வைத்த மாடல் என்றால் விளிம்பில் மட்டும்தான் எழுத இடம். எதில் எழுதினாலும், பின்மூடியில் இருக்கும் மாடல் எண்ணையும் வரிசை எண்ணையும் தொடக்கூடாது. நாளைக்கு வாரண்டி கேட்கும்போது 'இந்த பில் இந்த வாட்ச்சுக்கு உரியது' என்று காட்டுவது அந்த எண்தான். அங்கீகாரம் இல்லாத இடத்தில் மூடியைத் திறந்தால் வாரண்டி கிடையாது என்று பல கம்பெனிகள் வாரண்டி அட்டையிலேயே அச்சிட்டிருக்கின்றன. கடைக்காரர் "கம்பெனி எடுக்காது" என்று சொல்லும்போது அவர் பக்கம் நியாயம் இருக்கக்கூடிய ஒரே இடம் இது. அதனால் விற்ற கடை வழியாகவே பொறிக்கச் செய்து, பொறிப்புக் கூலியையும் பில்லிலேயே தனி வரியாகப் போட்டு வாங்குவது நல்லது. "பொறித்த பிறகும் வாரண்டி உண்டு" என்று அதே பில்லில் ஒரு வரி எழுதி முத்திரை வைக்கச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் வேறு கடை பாருங்கள்.

முகூர்த்தத்துக்கு முதல் வாரம் ஓடுவதை விட்டு, ஒரு மாதம் முன்பே வாங்குங்கள். பத்து நாள் ஓடவிட்டு, நேரம் பிசகுகிறதா, தேதி சரியாக மாறுகிறதா என்று பார்த்த பிறகு பொறிக்கக் கொடுங்கள். பெட்டியில் அதிகபட்ச சில்லறை விலை, தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளர் முகவரி, தயாரித்த மாதம், ஆண்டு, புகார் தெரிவிக்கும் எண் எல்லாம் இருக்க வேண்டும். அச்சிட்ட விலைக்கு மேல் வாங்கினால் தொழிலாளர் துறையின் அமலாக்கப் பிரிவில் புகார் தரலாம், தமிழ்நாட்டில் எடையளவுச் சட்டம் அவர்கள் கையில்தான் இருக்கிறது.

தங்க வாட்ச் வாங்குகிறவர்களுக்குத் தனியாக ஓர் எச்சரிக்கை. தங்க நகைக்கு ஹால்மார்க் 2021 ஜூன் முதல் படிப்படியாகக் கட்டாயமானது. 2023 ஏப்ரல் முதல் எச்யுஐடி என்ற ஆறு இலக்க அடையாள எண் இல்லாத நகையைக் கடைகள் விற்கக்கூடாது. 2021இல் கட்டாயமாக்கியபோதே கைக்கடிகாரத்துக்கு அதிலிருந்து விலக்குக் கொடுத்துவிட்டார்கள். நகையில் எண்ணைப் பார்த்து அடையும் நிம்மதி தங்க வாட்ச்சில் கிடைக்காது. எத்தனை காரட், தங்கத்தின் எடை எவ்வளவு, கெட்டித் தங்கமா முலாமா என்பதை பில்லில் எழுதி வாங்காமல் பணத்தை எண்ணி வைக்காதீர்கள்.

நம் இரண்டு மாவட்டத்துக்காரர்களும் கொஞ்சம் விலை கூடிய வாட்ச் என்றால் திருச்சிக்குப் பஸ் ஏறுகிறார்கள், இல்லாவிட்டால் ஆன்லைனில் போடுகிறார்கள். குறை வந்தால் திருச்சிக்கும் பெங்களூருக்கும் யார் அலைவது என்று விட்டுவிடுபவர்கள் அதிகம். பழைய 1986ஆம் ஆண்டுச் சட்டத்தில் அந்தப் பயத்துக்குக் காரணம் இருந்தது. இப்போது வாங்கியவர் குடியிருக்கும் இடத்திலோ வேலை பார்க்கும் இடத்திலோ வழக்குப் போடலாம். ஜெயங்கொண்டத்துக்காரர் எங்கே வாங்கியிருந்தாலும் அரியலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும், வேப்பந்தட்டைக்காரர் பெரம்பலூர் ஆணையத்திலும் மனுக் கொடுக்கலாம். எதிர்த்தரப்புதான் இங்கே வந்து பதில் சொல்ல வேண்டும். வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ வாங்கி வந்த வாட்ச்சுக்கு இது பொருந்தும் என்று எதிர்பார்க்க முடியாது, அந்த ஊர்க் கடையை இங்கே இழுப்பது நடைமுறையில் கடினம். அங்கிருந்து வாங்கி வரும் உறவினரிடம், இந்தியாவிலும் செல்லும் வாரண்டி அட்டையில் கடை முத்திரையும் தேதியும் போட்டு வாங்கச் சொல்லுங்கள்.

முதல் படி, கடைக்கும் கம்பெனிக்கும் எழுத்தில் புகார். வாட்ஸ்அப், மின்னஞ்சல், பதிவுத் தபால் எதுவும் சரி. ஆன்லைன் தளம் என்றால் அதன் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகார் வந்ததை ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும் என்பது 2020ஆம் ஆண்டு மின்வணிக விதி. பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். தமிழிலேயே பேசலாம், செலவில்லை. அதிலும் தீராவிட்டால் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணமே கிடையாது. வக்கீல் வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. இணையவழியிலும் தாக்கல் செய்யலாம். குறை தெரிந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போக வேண்டும். சோதனை தேவைப்படாத வழக்கு 3 மாதத்திலும், ஆய்வகச் சோதனை தேவைப்படுவது 5 மாதத்திலும் முடிய வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் கூடுதல் காலம் ஆகலாம், அதைத் தெரிந்துகொண்டே இறங்குங்கள். வேறு வாட்ச், பணம் திரும்ப, இழப்பீடு எதை வேண்டுமானாலும் கேட்கலாம். பொறிப்புக் கூலியைச் சேர்த்துக் கேட்க மறக்காதீர்கள்.

சர்வீசுக்குக் கொடுக்கும்போது பலர் கவனிக்காத ஒன்று உண்டு. பழுது பார்க்கும் இடத்தில் பின்மூடியையே மாற்றிப் புதியது போட்டுவிடுவார்கள், சில சமயம் வாட்ச்சையே மாற்றித் தருவார்கள். பெயர் பொறித்த மூடி குப்பைக்குப் போய்விடும். 'பெயர் பொறித்த மூடி உள்ளது, மாற்றினால் பழையதைத் திருப்பித் தரவும்' என்று ஒப்புகைச் சீட்டில் எழுதி வாங்கிய பிறகே வாட்ச்சைக் கையை விட்டுக் கொடுங்கள்.

இன்ஸ்டாகிராமில் 'ஃபர்ஸ்ட் காப்பி, பேர் போட்டுத் தரப்படும்' என்று வரும் விளம்பரங்களிடம் போகாதீர்கள். அது போலி. போலி வணிகக் குறியிட்ட பொருளை விற்பது 1999ஆம் ஆண்டு வணிகக் குறிச் சட்டப்படி குறைந்தது 6 மாதம், அதிகபட்சம் 3 ஆண்டு சிறைக்குரிய குற்றம். முன்பணம் அனுப்பிப் பொருள் வராவிட்டால் அன்றைக்கே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் சொல்லுங்கள். சீக்கிரம் சொன்னால்தான் போன பணத்தை வங்கியில் முடக்க வாய்ப்பு உண்டு.

கடையை விட்டு வெளியே வந்தும் பேச வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. எச்எம்டி பெங்களூரில் கைக்கடிகாரம் செய்யத் தொடங்கியது 1961இல். அதே 1961இல்தான் வரதட்சணைத் தடைச் சட்டமும் வந்தது. அன்றிலிருந்து 'மாப்பிள்ளைக்கு வாட்ச், மோதிரம், செயின்' என்ற வரி நம் கல்யாணப் பேச்சுகளில் குறைந்தபாடில்லை. மனம் விரும்பிக் கொடுப்பது பரிசு. "என்ன கம்பெனி வாட்ச் போடுவீங்க?" என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்டு வாங்குவது வரதட்சணை. கேட்பதற்கே 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை சிறை உண்டு, வாங்கினால் குறைந்தது 5 ஆண்டு. கொடுப்பதும் குற்றம் என்பதால் பெண் வீட்டார் பயந்து வாய் திறப்பதில்லை. பாதிக்கப்பட்டவர் கொடுக்கும் வாக்குமூலத்தை வைத்து அவர் மீதே இந்தச் சட்டத்தில் வழக்குப் போட முடியாது என்ற பாதுகாப்பு அதே சட்டத்தின் 7ஆம் பிரிவில் இருக்கிறது. இதை ஊரெல்லாம் சொல்ல வேண்டும்.

கேட்காமல் கொடுத்த பரிசுக்கும் 1985ஆம் ஆண்டு விதிகள் ஒரு பட்டியலைக் கேட்கின்றன: பொருள், ஏறத்தாழ விலை, கொடுத்தவர் பெயர், உறவு, கடைசியில் மணமக்கள் இருவரின் கையெழுத்து. மணமகளுக்கு வந்த பரிசுகளின் பட்டியலை மணமகளும், மணமகனுக்கு வந்தவற்றின் பட்டியலை மணமகனும் வைத்துக்கொள்ள வேண்டும். ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொண்ட வாட்ச்சும் இதில் சேரும். மொய் நோட்டை எவ்வளவு ஒழுங்காக எழுதுகிறோம்! மொய் எழுதுகிறவரிடமே இந்தப் பட்டியலையும் ஒப்படையுங்கள், கல்யாண மண்டபத்தை விட்டுக் கிளம்பும் முன் மணமக்களிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள். யாராவது கேட்டு நெருக்கினால் ஆட்சியர் அலுவலகத்தில் இருக்கும் மாவட்டச் சமூக நல அலுவலரிடம் போங்கள், அவரே வரதட்சணைத் தடுப்பு அலுவலர். போக முடியாத பெண்கள் 181 என்ற பெண்கள் உதவி எண்ணை அழைக்கலாம்.