ஆறு மணிக்கு முன் வீடு வந்து சேர்

"பிள்ளை, இன்றைக்குப் பயிற்சிக்கு நிற்க வேண்டாம். பள்ளிக்கூடம் விட்டதும் நேரே வா."

யுத்த காலத்தில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இதைச் சொல்லாத தாய்மார் குறைவு. நானும் சொன்னவள்தான்.

யுத்தமும் விளையாட்டும் என்றதும் வடக்கு, கிழக்கில் இழந்த மைதானங்களே எமது நினைவுக்கு வருகின்றன. அது நியாயமே. யாழ்ப்பாணம் துரையப்பா விளையாட்டரங்கில் 1999இல் நிலத்தைத் தோண்டியபோது மனித எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. கொழும்பில் எமது பிள்ளைகளுக்கு மைதானம் இருந்தது. அங்கிருந்து வீடு திரும்பும் வழிதான் பயமாக இருந்தது.

வலைப்பந்துப் பயிற்சி முடிய மாலை ஐந்தரை ஆகிவிடும். காலி வீதியில் சோதனைச் சாவடி. அடையாள அட்டை அப்போது 16 வயதின் பின்னரே கிடைத்தது. அதற்குக் குறைந்த பிள்ளை வெள்ளைச் சீருடையையே அத்தாட்சியாக நம்பிப் போவாள். விளையாட்டு உடையில் வந்தால் அதுவும் இல்லை. வடக்கிலிருந்து வந்து லொட்ஜ்களில் தங்கியிருந்த குடும்பங்களின் நிலை இன்னும் மோசம். 2007 ஜூன் 7ஆம் திகதி லொட்ஜ்களில் இருந்த முந்நூறுக்கும் மேற்பட்ட தமிழர் பஸ்களில் ஏற்றி அனுப்பப்பட்டனர். மறுநாள் உயர் நீதிமன்றம் அந்த வெளியேற்றத்துக்கு இடைக்காலத் தடை விதித்தது. அடுத்த மாதம் எங்கே இருப்போம் என்று தெரியாத பிள்ளையை எந்த அணியில் சேர்ப்பது?

2008இல் பயம் எல்லாத் தாய்மாருக்கும் பொதுவானது. பெப்ரவரி 3ஆம் திகதி கோட்டை புகையிரத நிலையத்தில் நடந்த தற்கொலைக் குண்டுத் தாக்குதலில் டி.எஸ். சேனாநாயக்க கல்லூரியின் பேஸ்போல் அணி மாணவர்களும் பயிற்றுநரும் பலியாகினர். ஏப்ரல் 6ஆம் திகதி வெலிவேரியவில் மரதன் ஓட்டம் தொடங்கும் இடத்திலேயே குண்டு வெடித்தது. அமைச்சர் ஜெயராஜ் பெர்னாண்டோபுள்ளேயுடன் மரதன் வீரர் கே.ஏ. கருணாரத்னவும், தேசிய மெய்வல்லுநர் பயிற்றுநர் லக்ஷ்மன் டி அல்விஸும் மாண்டனர். மே 26ஆம் திகதி தெஹிவளையில் புகையிரதத்தில் குண்டு. எமது வீட்டிலிருந்து கூப்பிடு தூரம்.

மகளை நிறுத்திவிட்டேன். சப்பாத்து தங்கைக்குப் போயிற்று.

ஆனால் ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். அதே வீதியால், அதே சாவடியைக் கடந்து, இரவு ஏழு மணி வரை ரியூஷனுக்கு அனுப்பினோம். ஆண்பிள்ளைகள் சில வாரங்களில் கிரிக்கெட்டுக்குத் திரும்பினார்கள். பெண்பிள்ளையின் விளையாட்டுக்கு மட்டும் யுத்தம் நல்ல சாட்டாக அமைந்தது. படிப்புக்காக ஆபத்தை ஏற்ற நாம், பந்துக்காக ஏற்கவில்லை.

யாழ்ப்பாணம் ஈவினையைச் சேர்ந்த தர்ஜினி சிவலிங்கம், 2009இலும் 2018இலும் ஆசிய வலைப்பந்துக் கிண்ணத்தை வென்ற இலங்கை அணியில் ஆடினார். இரண்டாவது வெற்றியைத் தொலைக்காட்சியில் காட்டியபோது என் மகள் பக்கத்தில் இருந்தாள். "நானும் கோல் ஷூட்டர்தானே அம்மா" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை.

இப்போது அவளுடைய மகள் மூன்றாம் தரத்தில் படிக்கிறாள். இல்ல விளையாட்டுப் போட்டிக்கு ஓடிப் பழகுகிறாள். ஐந்தரை தாண்டியதும் நான் பல்கனிக்குப் போய் வீதியைப் பார்க்கிறேன். "அவள் வருவாள், உள்ளே வாங்கோ அம்மா" என்கிறாள் மகள்.