மோட்டாரை மாற்றுமுன் எடையைக் கீழே இறக்குங்கள்

மாணவர்களே, 'ராக் கிராலர்' எனப்படும், பாறை ஏறும் ரிமோட் லாரி உங்களிடம் இருக்கிறதா? மலிவு விலையில் வாங்கியதென்றால், செங்குத்தான கல்லில் ஏறும்போது முன்சக்கரங்கள் தூக்கி, அது மல்லாந்து விழுவதைப் பார்த்திருப்பீர்கள்.

என் லாரியும் அப்படித்தான் விழுந்தது. விசை போதவில்லை என்றெண்ணி வலுவான மோட்டாரைப் பொருத்தினேன். முன்னைவிட வேகமாகக் கவிழ்ந்தது. பிளாஸ்டிக் பற்சக்கரத்தின் பற்களும் உடைந்தன. பணம் வீணானது. குறை மோட்டாரில் இல்லை, ஈர்ப்பு மையத்தில்!

பொருளின் எடை முழுவதும் ஒரு புள்ளியில் செயல்படுவதாகக் கொள்ளலாம். அதுவே ஈர்ப்பு மையம். அங்கிருந்து நேர்கீழாக வரையும் கோடு பின்சக்கரம் தரையைத் தொடும் இடத்தைத் தாண்டினால் லாரி கவிழும். அந்த மையம் பின்சக்கரம் தொடும் இடத்திற்கு 8 செ.மீ. முன்னால், 8 செ.மீ. உயரத்தில் இருந்தால் 45 பாகைச் சரிவுதான் எல்லை. உயரத்தை 6 செ.மீ. ஆக்கினால் எல்லை 53 பாகை!

எனவே, கூரையிலுள்ள அலங்காரப் பொருள்களைக் கழற்றுங்கள். முன் அச்சில் சில இரும்பு நட்டுகளை இறுகக் கட்டுங்கள். ஈயக்குண்டு வேண்டாம், ஈயம் நஞ்சு. எடை மிகுந்தால் மோட்டார் சூடேறும், அளவோடு சேருங்கள்.

பிறகு சோதியுங்கள். பலகையில் மணல்தாள் ஒட்டி, லாரி உருளாதபடி பின்சக்கரத்தின் பின்னால் மெல்லிய குச்சி வையுங்கள். பலகையை மெல்ல உயர்த்தி, கவிழும் கோணத்தைப் பாகைமானியால் அளவிடுங்கள். ஒவ்வொரு முறையும் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். எந்த மாற்றம் உதவியது என்பதை உங்கள் அட்டவணையே சொல்லும்.