திரையைப் படித்துக் காட்டும் கருவி

கண்ணொளி இழந்தோர் விரலால் தடவிப் படிக்கும் புடைப்புள்ளி எழுத்தை நம்முள் பலர் அறிவோம். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்சில், 1951இல் தோன்றிய மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இருக்கும் பகுதியில், வெள்ளைக்கோல் ஊன்றிச் செல்வோரைக் கண்டுமிருப்போம். அவர்கள் கணினியிலும் கைப்பேசியிலும் எங்ஙனம் படிக்கின்றனர் என்பதை ஈண்டுக் காண்போம்.

திரையிலுள்ள எழுத்தை எடுத்து ஒலியாக மாற்றிச் சொல்வது திரை வாசிப்பான் என்னும் மென்பொருள். நாம் ஒரு பக்கத்தை ஒரே நோக்கில் பார்த்துவிடுகின்றோம். செவியால் படிப்பவருக்கோ சொற்கள் ஒன்றன்பின் ஒன்றாகவே வரும். ஆகவே அவர் ஒரு விசையைத் தட்டித் தலைப்புக்குத் தலைப்பு தாவிச் செல்வார். அது தலைப்பு என்று கணினிக்குக் குறிப்பிடப்பட்டிருந்தால்தான் இது இயலும். எழுத்தைப் பெரிதாக்கினால் மட்டும் போதாது.

இத்தகைய மென்பொருள்கள் பல பெருவிலை உடையனவாக இருந்தன. 2006இல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கர்ரன் என்னும் பார்வையற்ற இளைஞர் என்.வி.டி.ஏ. என்பதைத் தொடங்கினார். அது இன்றும் இலவசமே, தமிழும் பேசும். குரல் இனிமையன்று, எனினும் பயன் பெரிது. கைப்பேசிகளிலோ டாக்பேக், வாய்ஸ்ஓவர் என்பன உடன் அமைந்தே வருகின்றன.

ஆனால் வாசிப்பான் எழுத்தைத்தான் படிக்கும். பள்ளி அறிவிப்பைப் படம்பிடித்து அனுப்பினால், "படம்" என்று மட்டும் சொல்லி நின்றுவிடக்கூடும். படத்திலுள்ள எழுத்தை அறிய முயலும் கருவிகள் இன்று உண்டு; மங்கலான படத்தில் அவையும் தடுமாறும். தமிழுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் "தமிழ்" என்று அச்சிட்டால், கண்ணுக்குத் தமிழாகத் தோன்றும். கணினிக்குள் இருப்பதோ ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி! வாசிப்பான் அதையே உளறும். யூனிகோடு முறையில் எழுதினால் இவ்விடர் இல்லை.

இவற்றுக்கெல்லாம் உலகப் பொதுநெறிகள் 1999இல் முதன்முதலாக வெளிவந்தன. 2008, 2018, 2023 ஆகிய ஆண்டுகளில் புதுப்பிக்கப்பட்டன. படத்துக்குச் சொல்விளக்கம் வேண்டும். பக்கம் எம்மொழியினது எனக் குறிக்க வேண்டும். விசைப்பலகையாலேயே யாவும் இயல வேண்டும் என்கின்றன அவை. எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள ஒளி வேறுபாடு 4.5க்கு 1 என்றேனும் இருத்தல் வேண்டும் என்பதும் ஒன்று. கண் மங்கிய நம் பாட்டிமார்க்கும் இது உதவும்.

தேர்வு அட்டவணையைப் படமாக அனுப்புங்கால், அதன்கீழ் அச்செய்தியைத் தட்டெழுதியும் சேர்க்கலாம். ஐந்து நிமிட வேலை. பார்வையிழந்த தாத்தா, பேரனுக்குத் தேர்வு என்று, எத்தனை மணிக்கு என்பதை அண்டை வீட்டாரைக் கேளாமலே அறிந்து, அன்று காலை அவனை எழுப்பி அனுப்புவார்.