வளர்ப்பு முறையும் மாணவர் வன்போக்கும்

கல்லூரியில் சேரும் மாணவர் ராகிங்கில் ஈடுபடார் எனப் பெற்றோரும் உறுதிமொழிப் பத்திரம் அளித்தல் வேண்டும் என்பது பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009ஆம் ஆண்டு விதி. ஆயினும், வன்போக்கு பல ஆண்டுகள் முன்னரே இல்லத்தில் வேரூன்றக் கூடியது.

1966இல் அமெரிக்க உளவியலறிஞர் டயானா பாம்ரிண்ட் வளர்ப்பு முறைகளை அடக்கியாளுதல், நெறிப்படுத்துதல், தன்போக்கில் விடுதல் என வகுத்துரைத்தார். அடிபட்டு வளர்ந்த பிள்ளை முரடனாவதுண்டு. அளவுமீறிய செல்லமும் அவ்விளைவைத் தரக்கூடும் என்பதே பலர் நோக்கத் தவறுவது. ஜெரால்டு பேட்டர்சன் 1982இல் இதனை விளக்கினார். பிள்ளையின் கூச்சலுக்குப் பெற்றோர் பணிந்தால், கூச்சல் பலன் தருமெனப் பிள்ளை கற்கிறது. பெற்றோரின் அதட்டலுக்குப் பிள்ளை அடங்கினாலும் கற்பது அதே பாடந்தான். விதியை அதன் காரணத்தோடு எடுத்துரைக்கும் இல்லத்தில் இப்பயிற்சிக்கு வாய்ப்புக் குறைவு. பயிற்சி பெற்றவர் விடுதிக்கு வரும்போது, எதிரே நிற்பவர் முதலாண்டு மாணவர்.